வருஷத்துக்கு ஒரு துளை

“பக்குவம் வந்துட்டுன்னு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார் சொரிமுத்து.

பூரணத்தம்மாள் அகில் கட்டை ஒன்றை மடியில் வைத்து, அதன் வெள்ளைப் பகுதியைச் சின்னக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கறுப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். அவர் நிமிரவில்லை.

“மரத்துக்கா, உங்களுக்கா?”

“எனக்குத்தான்.”

“இப்போ என்ன வந்தது?”

சொரிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நான்கே வரி. ‘எனக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. எழுந்து நடக்க முடியவில்லை. ஒரு தரம் வந்துவிட்டுப் போ. ஆவுடையப்பன்.’

“அண்ணனா?”

“ஆமா.”

“போயிட்டு வாங்க.”

“போகத்தான் நினைக்கேன். கோபம் இன்னும் போகலியேம்மா. மூஞ்சியப் பாத்ததும் ஏதாவது சொல்லிருவேன். கிடையில கெடக்கிற மனுசன்கிட்ட அதச் சொல்லிட்டு வந்தா, அப்புறம் நான் எதுக்கு இங்க இருந்தேன்?”

பூரணத்தம்மாள் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

குருவைவிடச் சீடருக்குப் பதின்மூன்று வயது அதிகம். அந்த அம்மாளுக்கு நாற்பத்துநாலு, இவருக்கு ஐம்பத்தேழு. இவர் அவரை ‘அம்மா’ என்பார், அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார். மலைச்சரிவில் ஓர் ஓட்டு வீடு, ஒரு சுனை, நாற்பது அகில் மரம். அவ்வளவுதான் அந்த இடம். பூரணத்தம்மாள் யாரையும் சீடர் என்று சேர்த்துக்கொண்டது கிடையாது. நிம்மதி தேடி வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, வேலை கொடுப்பார். பெரும்பாலானவர்கள் வேலையைப் பார்த்ததுமே நிம்மதி வந்து கீழே இறங்கிவிடுவார்கள். இறங்காமல் மிஞ்சுகிறவர் சீடர். சொரிமுத்து ஆறு வருஷமாக மிஞ்சியிருந்தார்.

அவர் மலையேறி வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா இறந்தபோது சொரிமுத்து சூரத்தில் ஒரு தறிக்கூடத்தில் வேலையில் இருந்தார். தகவல் கிடைத்து, ரயில் ஏறி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தார். அவர் ஊர் வந்து சேர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போது அண்ணன் சிதைக்குத் தீ வைத்துவிட்டார். சொரிமுத்து சுடுகாட்டில் வந்து நின்றபோது பார்ப்பதற்கு முகம் இல்லை. அன்று அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன வார்த்தை என்று பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாசலை அதற்கப்புறம் மிதிக்கவும் இல்லை.

“மூணு மணி நேரம் பொறுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?” என்று ஆறு வருஷத்தில் நூறு தடவையாவது பூரணத்தம்மாளிடம் கேட்டிருப்பார். அந்த அம்மாள் ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை.

இப்போது கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க.”

வீட்டுக்கு மேலே, பாறையை ஒட்டி ஒரு மரம் தனியாக நின்றது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். அடிமரத்தில் கீழிருந்து மேலாக, ஒரு முழத்துக்கு ஒன்றாகப் பழைய தழும்புகள்.

அகில் மரம் சும்மா வளர்ந்தால் வெறும் வெள்ளைக்கட்டை. விறகுக்குக்கூட உருப்படியாக எரியாது. அதற்குக் காயம் போட வேண்டும். காயத்தைச் சுற்றி மரம் தனக்குள்ளே பிசினை ஊறவைத்துக் கறுத்துக்கொண்டு வரும். அந்தக் கறுப்புதான் அகில். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

“எங்க குரு ஒம்பது வருசத்துக்கு முன்ன காயம் போட்ட மரம் இது,” என்றார் பூரணத்தம்மாள். “அதுதான் அவுக போட்ட கடைசிக் காயம். மறு வருசம் போய்ச் சேர்ந்துட்டாவ. இது பக்குவமாயிட்டான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

“நான் கேட்டது என் விசயம்மா.”

“இதச் சொல்லத் தெரிஞ்சவருக்கு அதையும் சொல்லத் தெரியும்.”

“எப்படிப் பாக்கிறது?”

அந்த அம்மாள் ஒரு கைத்துளைப்பானை எடுத்துக் கொடுத்தார். தச்சர்கள் திருகித் துளைபோடும் சாதாரணக் கருவி.

“ரெண்டு தழும்புக்கும் நட்ட நடுவுல ஒரு துளை போடுங்க. உள்ளயிருந்து துருவல் வரும். அதத் தணல்ல போட்டு முகருங்க. மேலத் தழும்புக் கறுப்பும் கீழத் தழும்புக் கறுப்பும் நடுவுல வந்து சேர்ந்திருந்தா, மணம் வரும். வந்தா பக்குவம்.”

“வராட்டி?”

“தேன்மெழுகு வச்சுத் துளைய அடைச்சிட்டு, அடுத்த கார்த்திகைக்கு.”

“ஒரு வருசமா?”

“வருசத்துக்கு ஒரு துளை. அதுக்கு மேல கூடாது.”

“ஏன்?”

“கூடாது,” என்றார் பூரணத்தம்மாள்.

அன்றே சொரிமுத்து துளை போட்டார். வெள்ளை வெளேரென்று துருவல் வந்தது. தணலில் போட்டார். விறகுப் புகை வந்தது. கண் எரிந்தது. மெழுகை உருட்டித் துளையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். ‘வருகிறேன். கொஞ்ச நாள் ஆகும்.’

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவருக்கே தெரியாது. படுக்கையில் விழுந்த மனுசனுக்கு அடுத்த கார்த்திகை என்பது நிச்சயமா? அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பூரணத்தம்மாள் அரிசி வாங்கக் கீழே இறங்கியிருந்தார். சொரிமுத்து துளைப்பானை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினார். பழைய துளைக்குக் கட்டைவிரல் அகலம் தள்ளி இன்னொன்று போட்டார். வெள்ளை. மெழுகு வைத்து அடைத்து, மேலே பட்டைத்தூளை அப்பினார். பார்த்தால் தெரியாது. தை மாதம் இன்னொன்று. மாசியில் இன்னொன்று. திருடுகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. பார்க்கத்தானே செய்கிறோம், எடுக்கவில்லையே என்று நினைத்தார்.

இதோடு இன்னொரு வேலையும் தினமும் நடந்தது. காலையில் சுனையில் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து உட்காருவார். கண்ணை மூடுவார். சுடுகாட்டை நினைப்பார். ரயிலிலிருந்து இறங்கி ஓடிவந்தது, செருப்பு அறுந்தது, தூரத்தில் புகையைப் பார்த்தது, அண்ணன் ஈரத் துண்டோடு திரும்பி நின்றது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வரிசையாகக் கொண்டுவருவார். பிறகு நெஞ்சைக் கவனிப்பார்.

நெஞ்சு சுடும்.

“இன்னும் இருக்கு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. மேலே வந்து தங்கிய அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

சித்திரையில் இரண்டாவது கார்டு வந்தது. எழுத்து அண்ணனுடையது அல்ல. அண்ணன் மகள் கோமு எழுதியிருந்தாள். ‘சித்தப்பா, அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாய் குரைத்தால் நீங்களா என்று கேட்கிறார்.’

சொரிமுத்து அதை இரண்டு முறை படித்தார். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, சுடுகாட்டை நினைத்துப் பார்த்தார். நெஞ்சு சுட்டது.

பூரணத்தம்மாளிடம் போய் நின்றார்.

“நான் என்னம்மா செய்ய?”

“மரம் என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல.”

“சரி,” என்று அந்த அம்மாள் கஞ்சிப்பானையைக் கிளறப் போய்விட்டார்.

அந்த நிமிஷம் சொரிமுத்துவுக்குக் குருவின் மேலும் கோபம் வந்தது. சொன்னால் என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறார்?

ஆனி மாதத் துளையில் துருவல் கொஞ்சம் பழுப்பாக வந்தது.

தணலை ஊதி, துருவலைப் போட்டார். விறகுப் புகைக்கு அடியில் எங்கேயோ ஒரு இனிப்பு இருந்தது. இருந்ததா, நினைப்பா? மறுபடி முகர்ந்தார். இருந்தது.

ஆடியில் அது கூடியது. ஆவணியில் இன்னும் கூடியது. புரட்டாசியில் துருவல் கரும்பழுப்பாக வந்தது. தணலில் போட்டதும் கனத்த புகை எழுந்து, பாறை முழுக்க மணந்தது. கோவிலில் கர்ப்பக்கிருகம் திறந்தவுடனே வருமே, அப்படி ஒரு மணம். சொரிமுத்து அங்கேயே கும்பிட்டு விழுந்தார்.

அன்று மத்தியானம் மூன்றாவது கார்டு வந்தது. ‘அப்பாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. உடனே வரவும்.’

அவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே பூரணத்தம்மாளிடம் ஓடினார்.

“மரம் பக்குவம்மா.”

பூரணத்தம்மாள் அவர் கூடவே மேலே ஏறி வந்தார். கார்த்திகை வருமுன்னே எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை, மரத்தைத் தொடவும் இல்லை. அண்ணாந்து உச்சியைப் பார்த்தார்.

“இலை பச்சையா இருக்கு. பக்குவமான மரம் உச்சியில பழுக்கும். இல சிறுத்துப் போகும். பட்டையில எறும்பு ஊரும்.”

“மணம் வருதும்மா. நானே முகர்ந்தேன். சத்தியமா வருது.”

“எறும்பு இல்ல.”

“நீங்களே துருவல முகர்ந்து பாருங்க.”

“இந்த மரத்துக்கு நான் ஆள் இல்ல, நீங்கதான். நீங்க சொல்லுதீயளா, வெட்டலாம்னு?”

சொரிமுத்து ஒரு நொடி யோசித்தார். மணம் வந்தது உண்மை. அதில் சந்தேகமே இல்லை.

“சொல்லுதேன்.”

“சரி.”

ரம்பத்தை எடுத்துவந்தார்கள். ஒரு பக்கம் சீடர் பிடித்தார், மறுபக்கம் குரு பிடித்தார். மாறி மாறி இழுத்தார்கள். வேர்வை கண்ணில் இறங்கியது. இரண்டு நாழிகையில் மரம் பாறைப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. விழுந்த மரத்தை முழம் முழமாக அறுத்து, கோடாலியால் நெடுக்காகப் பிளந்தார்கள்.

உள்ளே வெள்ளை.

அடுத்த துண்டைப் பிளந்தார் சொரிமுத்து. அதுவும் வெள்ளை. பழைய தழும்புகளைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்பு ஏறியிருந்தது. கறுப்பாகவில்லை. மேல் தழும்பின் பழுப்புக்கும் கீழ்த் தழும்பின் பழுப்புக்கும் நடுவே நீண்ட வெள்ளை வெளி. ஒன்றை ஒன்று தொடவே இல்லை.

கடைசியாக அவர் துளை போட்ட துண்டு. பிளந்தார்.

அந்த வெள்ளைக்கு நடுவில் பதினோரு துளைகள் நெருக்கமாக வரிசையாக இருந்தன. பழைய துளைகளைச் சுற்றிக் கருவட்டம். புதிதுகளைச் சுற்றிப் பழுப்பு. ஒன்றோடு ஒன்று கலந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருந்திட்டு. அந்தத் திட்டைத் தாண்டினால் பால் வெள்ளை.

சொரிமுத்து கோடாலியைக் கீழே போட்டார்.

பூரணத்தம்மாள் குனிந்து துளைகளை விரலால் தொட்டு எண்ணினார். திட்டவில்லை. அந்தக் கருந்திட்டிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்தெடுத்துத் தணலில் போட்டார். புகை எழுந்தது. அதே கனத்த மணம்.

“நல்ல மணம்,” என்றார்.

சொரிமுத்து தலையைத் தூக்கவில்லை.

“பொய் மணம் இல்ல அண்ணாச்சி. நெசமான அகில்தான். யாரு வச்சது இத?”

“உங்க குரு வச்ச காயம் இல்ல.”

“பின்ன?”

“நான் வச்சது. நான் பாக்கப் பாக்க வந்தது.”

பூரணத்தம்மாள் பிளந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். குருவின் தழும்பு இருந்த துண்டை எடுத்து, முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அந்த அம்மாளின் கண் கலங்கியதை ஆறு வருஷத்தில் அன்றுதான் சொரிமுத்து பார்த்தார். அது அவரை அறைந்ததுபோல் இருந்தது.

“இன்னும் நாலு வருசம் நின்னிருக்கணும்,” என்றார் அந்த அம்மாள், யாரிடமோ சொல்வதுபோல.

“என்னய இங்கயிருந்து போகச் சொல்லிருங்கம்மா. அதுதான் நியாயம்.”

“நாளைக்குக் காலையில என்ன செய்வீய?”

“எதுக்குக் கேக்கீய?”

“சும்மாதான். சுனையில குளிப்பீய. அப்புறம்?”

“அப்புறம் என்ன, வழக்கம்போலக் கிழக்கப் பாத்து உக்காந்து, சுடுகாட்டுக்குப் போன அன்னைக்கு நடந்தத…”

அவர் நிறுத்திவிட்டார்.

பதினோரு துளைகளையும் பார்த்தார். சில்லு தணலில் கரிந்து, புகை மெலிந்து, நின்றுபோனது. பூரணத்தம்மாள் வெள்ளைக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

சொரிமுத்து எழுந்தார். கையில் ஒட்டியிருந்த மரத்தூளை வேட்டியில் துடைத்தார்.

“கீழ கடைசி பஸ் எத்தன மணிக்கும்மா?”

“அஞ்சே காலுக்கு.”

“கோபம் அப்படியேதான் இருக்கு. இப்பவும் சுடுது.”

“மழ இருட்டுது,” என்றார் பூரணத்தம்மாள். “வழுக்கும். பாத்து இறங்குங்க.”

அவர் மாற்றுத் துணிகூட எடுக்காமல் இறங்கினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணை மூடினால் சுடுகாடு தானாக வந்து நிற்கும் போலிருந்தது. அதனால் வழிநெடுகக் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார். உரக்கடை. சைக்கிள் கடை. மூடிய சினிமாக் கொட்டகை. பக்கத்திலிருந்தவர் இவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நின்றார்.

மதினி நடையில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ?”

சுருக்கென்று ஏறியது. யார் யாரைப் பார்த்துக் கேட்பது? நெஞ்சு சுட்டது. சரியாக அந்த இடத்தில்தான், அந்தச் சூடேதான். திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. பஸ் நிலையம் பத்து நிமிஷ நடைதான்.

“ஆமா மதினி,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அண்ணன் கட்டிலில் கிடந்தார். ஆளே பாதியாகியிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் பழைய கண். அது இவர் மேலே வந்து விழுந்து, அங்கேயே நின்றது.

சொரிமுத்து எதைச் சொல்ல வேண்டும் என்று ஆறு வருஷமாக யோசித்து வைத்திருந்தாரோ, அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையப்பன் உதட்டை அசைத்தார். சத்தம் வர நேரம் பிடித்தது.

“கோவமா… இருக்கியா?”

பொய் சொல்லலாம். சாகக் கிடக்கிறவரிடம் பொய் சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

“ஆமாண்ணே,” என்றார் சொரிமுத்து. “இருக்கு.”

அண்ணன் கண்ணை மூடினார். திறந்தார். அசைகிற கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார்.

“எனக்குந்தாம்ல,” என்றார். “உக்காரு.”